செசில் கிம்பர்

செசில் கிம்பர் (ஏப்ரல் 12, 1888 - பெப்ரவரி 4, 1945) இங்கிலாந்தைச் சேர்ந்த தானுந்துத் துறையாளர் ஆவார். எம்ஜி என்னும் பெயரில் வெளிவந்த திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்களைத் தோற்றுவித்தவர் இவரே. எனினும் அந்நிறுவனத்தின் உரிமையாளராக இவர் இருந்ததில்லை. சம்பளம் பெறும் மேலாளராகவே பணியாற்றினார்.

இளமை

கிம்பர் இலண்டனில் பிறந்தார். தந்தை அச்சு மை தொடர்பான தொழில் நடத்தி வந்தார். குடும்பம் வடக்கே இடம்பெயர்ந்ததால் ஸ்டொக்போர்ட் இலக்கணப் பள்ளியில் பயின்று, பின்னர் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். இளவயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிக் கால் கடுமையாகச் சேதமடைந்தது. வாழ்நாள் முழுவதும் தாங்கித் தாங்கியே நடந்தார். விபத்துக்கான இழப்பீட்டுத் தொகையில் ஒரு சிங்கர் கார் வாங்கினார். அத்தொகையைக் குடும்பத் தொழிலில் இட வேண்டும் என விரும்பிய தந்தையுடன் இதனால் ஏற்பட்ட பிணக்கு பின்னர் தீரவேயில்லை. வீட்டை விட்டு வெளியேறிய கிம்பர், செஃபீல்ட்-சிம்ப்ளெக்ஸ் முதலிய தானுந்து நிறுவனங்களில் பணிபுரிந்தார்.

மோரிஸ் கராஜஸ்

1921 இல் ஒக்ஸ்போர்டில் வில்லியம் மோரிசுக்குச் சொந்தமான மோரிஸ் கராஜஸ் விற்பனை நிலையத்தில் விற்பனை மேலாளராகச் சேர்ந்து, மறு ஆண்டே பொது மேலாளரானார். மோரிசின் சாதாரணக் கார்களின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மீது தாழ்ந்த, அழகிய உடற்கூடுகளைப் பொருத்தி விற்கலானார். கிம்பர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் ஒரு காரின் தோற்றத்தைக் கண்ணாலேயே எடைபோடும் திறன் அவருக்கு இருந்தது. நிலையத்தின் பெயரிலிருந்த முதலெழுத்துகள் எண்கோணச் சின்னத்துள் இடம்பெற்றன.

1925 ஈஸ்டரில் நடந்த லாண்ட்ஸ் எண்ட் ஓட்டத்தில் தனிப்பட உருவாக்கிய கார் ஒன்றை ஓட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். இக்காரையே முதல் எம்ஜி எனப் பிற்கால விளம்பரங்கள் கூறின. இது சரியன்று, அதற்கு முன்பே எம்ஜி கார்கள் விற்பனையில் இருந்தன.

அபிங்டன்

1928 இல் இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்ட எம் வகை மிட்ஜெட் நிறுவனத்தின் போக்கை மாற்றியது. சிறிய மோரிஸ் மைனரின் 847 கன செ.மீ. பொறியைக் கொண்ட இந்த இருவர் காரின் விலை 175 பவுண். ஸ்போர்ட்ஸ் கார் என்பது செல்வந்தருக்கே உரியது என்ற நிலையை இது தளர்த்தியது. இடம் போதாமையால் 1929 இல் தொழிற்சாலை, அபிங்டன் நகரில் இருந்த தோல் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றுக்கு மாறியது.

1931 இல் ஜோர்ஜ் ஐஸ்டன் 750 கன செ.மீ. பிரிவில் முதன்முறையாக மணிக்கு 100 மைலைக் கடந்தது எம்ஜி காரிலேயே. 1933 இல் கே3 வகைக் கார்கள் இத்தாலியின் மில்லே மில்லியா ஓட்டத்தில் தம் பிரிவையும் அணிப் பரிசையும் வென்றன. அதே ஆண்டு அல்ஸ்டர் ஓட்டத்தில் நுவலாரி இக்காரிலேயே வென்றார்.

1935 இல் மோரிஸ் (அப்போது நஃபீல்ட் பிரபு) தமக்குச் சொந்தமான எம்ஜியை மோரிஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். ஓட்டப் பிரிவு உடனடியாக மூடப்பட்டது. வடிவமைப்புப் பணியும் கௌலிக்கு மாற்றப்பட்டது. கிம்பர் பதவியில் தொடர்ந்தாராயினும் முன்னைய சுதந்திரம் அவருக்கு இருக்கவில்லை.

பதவி நீக்கமும் மறைவும்

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் கார் உற்பத்தி நின்றது. தொழிலாளருக்கு வேலை தேடிய கிம்பர், அல்பெமார்ல் போர் விமானத்தின் முன்பகுதியை அமைக்கும் பணியைத் தலைமையகத்தின் அனுமதியின்றி ஏற்றார். பணி நன்கு நடைபெற்றபோதிலும் இது வரம்பு மீறலாகக் கருதப்பட்டது. 1941 இல் பதவி விலகுமாறு பணிக்கப்பட்டார். இருபது ஆண்டு உழைப்பு அத்துடன் முடிந்தது.

பின்னர் வேறு நிறுவனங்களில் பணியாற்றினார். 1945 பெப்ரவரி 4 மாலை, கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து புறப்பட்ட தொடருந்து சுரங்கப்பாதை ஏற்றத்தில் ஏறமுடியாமல் பின்னோக்கி நகர்ந்து தடம் புரண்டது. இறந்த இருவருள் கிம்பரும் ஒருவர்.

அதே ஆண்டு இறுதியில் டிசி வகை மிட்ஜெட் வெளிவந்தது. கிம்பர் காலத்து டிபி வகையைச் சிறிதே மாற்றி அமைத்தது இது. வலப்பக்க ஓட்டுநர் இருக்கையுடன் மட்டுமே செய்யப்பட்டும், அமெரிக்கர் பலர் இதை விரும்பி வாங்கினர். 1949 வரை ஏறத்தாழ 10,000 கார்கள் விற்பனையாயின. அபிங்டன் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. அந்நகரிலுள்ள எம்ஜி கார் கழகத்தின் தலைமையகம் கிம்பர் இல்லம் என்ற பெயர் கொண்டது.