தானே நின்ற தறி

உற்பத்தித் திறனை உயர்த்துவது என்றாலே தொழிலாளியின் கை இன்னும் எவ்வளவு விரைந்து இயங்கும் என்று கணக்கிடுவதுதான் ஆலை நிர்வாகங்கள் பலவற்றின் வழக்கம். இப்போது அந்தக் கணக்கைக் கேமராவும் மென்பொருளும் விநாடி பிசகாமல் எடுக்கின்றன. இயந்திரம் எப்போது நிற்க வேண்டும் என்ற கேள்வியை முன்வைத்து உற்பத்தியைப் பெருக்கியவர் ஜப்பானின் சகிச்சி டொயோடா.

1867-இல் இன்றைய ஷிசுவோகா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையிடம் தச்சுத் தொழிலைக் கற்றாலும், அவரது மனம் ஊர்ப் பெண்கள் நெய்த கைத்தறிகளையே சுற்றி வந்தது. 1890-இல் டோக்கியோவில் நடைபெற்ற தொழிற் பொருட்காட்சிக்கு நாள்தோறும் சென்று அங்கிருந்த இயந்திரங்களைப் பார்த்து நின்றார். மறு ஆண்டே அவருடைய மரக் கைத்தறிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதுவரை இரு கைகளும் செய்த வேலையை ஒரு கையாலேயே செய்ய முடிந்ததால், நெசவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடியது. ஆயினும் மனித உடலின் வலுவே அதற்கு எல்லையாக இருந்தது.

1896-இல் அவர் உருவாக்கிய விசைத்தறி நீராவியால் இயங்கியது. அதன் சிறப்பு வேகத்தில் மட்டும் இல்லை. ஊடை இழை அறுந்தால் அத்தறி தானாகவே நின்றுவிடும். நெசவு அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இழை அறுந்த பின்னும் ஓடும் தறி, வேகமாக ஓட ஓட வீண் துணியையே பெருக்கும். அதைத் தடுக்கத் தறியருகே ஒருவர் கண் இமைக்காமல் காவல் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் காவல் வேலையைத்தான் டொயோடா இயந்திரத்திடம் ஒப்படைத்தார்.

தம் பெயரையே தாங்கிய தறி நிறுவனத்திலிருந்து 1910-இல் விலக நேர்ந்தபோது அமெரிக்கா சென்று ஆலைகளைக் கண்டுவந்தார். 1924-இல் மகன் கீச்சிரோவின் துணையுடன் முழுத் தானியங்கித் தறியை நிறைவு செய்தார். நாடாவில் நூல் தீர்ந்தால் ஓட்டம் தடைப்படாமலே புதிய நாடா வந்து சேரும். பாவு இழை அறுந்தாலும் தறி நின்றுவிடும். ஒருவரே முப்பதுக்கும் மேற்பட்ட தறிகளைக் கவனிக்க முடிந்தது. எஞ்சியவர்களின் வேலை என்னவாயிற்று என்ற கேள்வி நியாயமானது. அவரைப் புகழும் வரலாறுகள் அக்கேள்வியை விரைவாகவே கடந்துவிடுகின்றன.

1929-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலிருந்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனம், அத்தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. விசைத்தறியை உலகுக்குத் தந்த நாடு ஒரு தச்சரின் மகனிடம் தறி நுட்பத்தை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு டொயோடா காலமானார்.

கீச்சிரோ கார் உற்பத்தியில் இறங்கினார். 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உருவானது. தறிக்குக் கற்றுத்தந்த பாடம் பின்னர் அதன் கார் ஆலைகளில் தொழிலாளியின் உரிமையாக மாறியது. குறை கண்டவர் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுப்பார். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்தைக் கடப்பதற்குள் கோளாறு தீரவில்லையெனில், உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.