பத்தொன்பதரை வருடச் சிறை, இருபத்தேழு நாள் நடை: ரொபர்ட் நொக்ஸின் கதை

கிராண்ட்பாஸில் களனி கங்கையைக் கடந்து கண்டி வீதியில் ஏறினால், ஏறத்தாழ 115 கிலோமீற்றரில் கண்டி. பஸ்ஸில் மூன்று, நான்கு மணித்தியாலப் பயணம். கிராண்ட்பாஸ் என்ற பெயரே ஆற்றைக் கடக்கும் பெரிய துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்தது. பாலம் கட்டப்படுவதற்கு முன்னர் கொழும்பையும் மலைநாட்டையும் இணைத்த வாசல் அது.

17ஆம் நூற்றாண்டில் கண்டிக்கு அருகே எலதெத்த என்ற கிராமத்தில் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயக் கைதிக்கு இந்த வாசல் எட்டாத தூரத்தில் இருந்தது. கொழும்பில் ஒல்லாந்தர் இருந்தனர். அவர்களிடம் போய்ச் சேர்ந்தால் விடுதலை. ஆனால் மேற்கே இறங்கும் வழியெங்கும் ஊர்கள், ஊர்களின் வாயில்களில் முட்படலைகள், படலைகளில் காவல். ஆகவே அவர் கொழும்புக்கு முதுகைக் காட்டி வடக்கே நடந்தார். அநுராதபுரத்தையும் வன்னிக் காட்டையும் தாண்டி மன்னார் அரிப்பில் கரையேறினார். அவர்தான் ரொபர்ட் நொக்ஸ்.

மூதூரில் ஒரு புளியமரம்

நொக்ஸ் 1641 பெப்ரவரியில் இலண்டனில் பிறந்தவர். தந்தையின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இருந்த ‘ஆன்’ என்ற கப்பலின் தலைவர் அவர். மகனும் அதே கப்பலில் கடலோடினார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கரையில் வீசிய புயலில், கப்பலைக் காப்பாற்றப் பெரிய பாய்மரத்தையே வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதிய பாய்மரம் நாட்டவும், பரங்கிப்பேட்டை வியாபாரிகளின் துணிகளை விற்கவும் கப்பல் கொட்டியாரக்குடாவுக்கு அனுப்பப்பட்டது.

அப்போது கண்டியில் ஆட்சி செய்தவர் இரண்டாம் இராஜசிங்கன். ஐரோப்பியர் எவரையும் நம்பாத மன்னன். தன் கரைக்கு வந்த கப்பல் கடிதமோ காணிக்கையோ அனுப்பாமல் வாரக்கணக்கில் தங்கியிருந்தது அவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. படையுடன் திசாவை ஒருவர் வந்தார். 1660 ஏப்ரல் 4ஆம் திகதி, மூதூரில் புளியமரம் ஒன்றின் கீழ் அமர்ந்திருந்த கப்பல் தலைவர் பிடிக்கப்பட்டார். அந்த இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் ஒன்று 1893இல் அங்கு நாட்டப்பட்டது.

அடுத்து நடந்தது மகனின் வாழ்க்கையைத் தீர்மானித்தது. கப்பலில் எஞ்சியிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல மகனே அனுப்பப்பட்டார். கப்பலை விட்டுக்கொடுக்காமல் எச்சரிக்கையாக இருக்கும்படி சொல்லிவிட்டுத் தன்னிடம் திரும்பி வருமாறு தந்தை கட்டளையிட்டிருந்தார். மகன் கப்பலுக்குப் போனார், செய்தியைச் சொன்னார், திரும்பினார். கப்பலிலேயே நின்றிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். கப்பல் பின்னர் அவர்களை விட்டுப் புறப்பட்டது. தந்தையும் மகனுமாகச் சுமார் 16 பேர் மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மகனுக்கு அப்போது வயது 19.

தந்தையின் புதைகுழி

கைதிகள் ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. ஊருக்கு ஒருவர், இருவராகப் பிரிக்கப்பட்டனர். உணவு கொடுப்பது ஊராரின் கடமை. நொக்ஸும் தந்தையும் பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் விடப்பட்டனர். விரைவிலேயே இருவரையும் காய்ச்சல் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த தந்தை 1661 பெப்ரவரியில் இறந்தார். மகனைத் திரும்பி வரச் சொன்ன கட்டளையே அவரைக் கடைசிவரை அரித்தது. தன் சொல்லைக் கேட்டதால்தானே பிள்ளை சிறைப்பட்டான் என்று வருந்தியபடி அவர் கண்ணை மூடினார்.

காய்ச்சலில் நடக்கவும் முடியாதிருந்த மகன் ஊராரிடம் உதவி கேட்டார். கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துப்போக ஒரு கயிறு மட்டுமே கிடைத்தது. அதை அவரால் ஏற்க முடியவில்லை. கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துக் குழி தோண்டி, தந்தையை அடக்கம் செய்தார். தன் உறவின் உடலை முறையாக அடக்கம் செய்ய இயலாமற் போனவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அந்த இளைஞன் ஒரு கயிற்றை ஏன் அத்தனை வெறுப்புடன் நிராகரித்தான் என்பதை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பொதி சுமந்து கற்ற வழி

விடுதலைக்கான நம்பிக்கை ஒருமுறை மிக அருகில் வந்தது. 1664இல் ஆங்கிலேயரின் வேண்டுகோளை ஏற்று மன்னன் அவர்களை விடுவிக்க இணங்கியதாகக் கைதிகளுக்குச் சொல்லப்பட்டது. அந்த டிசெம்பரில் நிலம்பேயில் மன்னனுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கலகம் அடங்கியபோது விடுதலைப் பேச்சும் அடங்கிப்போயிற்று. காலப்போக்கில் கைதிகளில் பலர் அங்கேயே திருமணம் செய்து குடும்பமாகிவிட்டனர்.

நொக்ஸ் திருமணம் செய்யவில்லை. தொப்பி பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடன் கொடுத்து, அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திரும்பப் பெற்றார். எலதெத்தவில் சிறு காணி வாங்கி வீடு கட்டினார். சிங்களம் சரளமாயிற்று. ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில் வழியில் வந்த ஒரு கிழவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு பின்னல் தொப்பியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

பார்ப்பவர்களுக்கு, ஊரோடு ஒன்றிவிட்ட மனிதர். ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நொக்ஸும் அவரைப் போலவே தனியாளாக இருந்த ஸ்டீபன் ரட்லண்டும் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்களைப் பொதியாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வியாபாரம் செய்தனர். சனம் அடர்ந்த மேற்கை விட்டு, ஆளரவம் குறைந்த வடக்குப் பக்கமே அடிக்கடி போனார்கள். எந்த ஊரில் காவல் உண்டு, எந்தக் குளம் எப்போது வற்றும், எந்தப் பாதை எங்கே முடியும் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டறிந்தனர். மழை பொய்த்த வருடங்களில் வழியில் தண்ணீர் இல்லாமலும், நோயில் விழுந்தும் பலமுறை திரும்பி வந்தனர். இப்படியே வருடங்கள் கழிந்தன. ஒருமுறை போய்த் திரும்பி வருவதே அடுத்தமுறை போகும்போது சந்தேகம் வராமலிருக்கக் காப்பாக அமைந்தது.

காட்டில் ஆறு நாள்

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி இருவரும் வழக்கமான வியாபாரப் பொதியுடன் புறப்பட்டனர். வடக்கே களுவிலவில் அப்பகுதி அதிகாரியின் வீட்டுக்கே நேராகப் போனார்கள். ஒளிந்து போகிறவன்தான் பிடிபடுவான் என்பது அவர்களின் கணிப்பு. காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொன்னார்கள். அங்கே தங்கியிருந்தபோதே அரண்மனையிலிருந்து சேவகர்கள் வந்து காவலை இறுக்கச் சொன்னதும் உயிர் பாதியாகிவிட்டது. அந்தக் கட்டளை வேறு சிலரைப் பற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது. இறைச்சி போதவில்லை என்று சொல்லி, அதிகாரியின் சம்மதத்துடனேயே அநுராதபுரத்துக்கு நகர்ந்தனர்.

அங்கிருந்து அப்பால் ஊர் இல்லை. காட்டுக்கு வேண்டியவற்றை அவர்கள் எண்ணி எண்ணிச் சேர்த்தனர். பத்து நாளுக்கு அரிசி, காய்ந்த இறைச்சி, சோறு பொங்க ஒரு பித்தளைப் பானை, தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை, கருப்பட்டி, வெற்றிலை, புகையிலை. ஒன்று பழுதானாலும் மற்றது உதவட்டும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சக்கிமுக்கிப் பெட்டிகள். முள் குத்தாமல் காலணி தைக்க ஒரு மான்தோல். மழை வந்தால் கூடாரமாக விரித்து அடியில் படுக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலைகள். கையில் நீண்ட தடியில் கட்டிய சிறு கோடரி, இடுப்பில் கத்தி. இன்று அவுஸ்திரேலியாவின் ஆளில்லா உள்நாட்டு வழிகளில் கூடாரமும் தண்ணீர்க் கலனும் ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் பயணிக்கும் நம் உறவினர்கள் போடும் பட்டியலும் ஏறத்தாழ இதுதான். வித்தியாசம், இவர்களைத் துரத்தி வர ஓர் அரசு இருந்தது.

ஒக்டோபர் 12ஆம் திகதி அநுராதபுரத்தை விட்டு, மல்வத்து ஓயாவைப் பிடித்து இறங்கினார்கள். நம் பக்கத்தில் அருவியாறு என்று கடலில் சேரும் அதே ஆறு. வழி தெரியாதவனுக்கு ஆறே வழி. ஆற்றோரப் புதர் முள் உடலைக் கிழித்தது. தண்ணீரில் முதலைகள், கரையில் எருமைகளும் யானைகளும். ஓரிடத்தில் அருகே ஆட்களின் குரல் கேட்டு, பொந்து விழுந்த ஒரு மரத்துக்குள் புகுந்து, சேற்றிலும் ஈரத்திலும் மணிக்கணக்காக மூச்சடக்கி இருந்தனர். இரவில் தீ மூட்டி யானைகளை விலக்கிக்கொண்டு உறங்கினர். கைவிடப்பட்ட பழைய கட்டடங்களின் கல்தூண்கள் காட்டுக்குள் நிற்பதையும் நொக்ஸ் கண்டு மனதில் பதித்துக்கொண்டார்.

மேலும் கீழே இறங்கியபோது அவர்கள் தமிழர் நாட்டுக்குள் வந்துவிட்டனர். கயிலை வன்னியனின் நாடு என்று நொக்ஸ் தன் நூலில் குறிப்பிடும் நிலம் அது. அங்கே சோறு சமைத்துக்கொண்டிருந்த இரு தமிழ்ப் பிராமணர்களைச் சந்தித்தனர். மொழி சரியாகப் புரியவில்லை. பெரும்பாலும் சைகைதான். தொப்பியும் கத்தியும் சிறிது பணமும் கொடுத்து வழித்துணையாக வரும்படி கேட்டனர். அவர்கள் சிறிது தூரம் கூட வந்து, அப்பால் ஒல்லாந்தரின் பகுதி என்று காட்டிவிட்டுத் திரும்பினர். அந்த இருவரின் பெயர் வரலாற்றில் இல்லை.

1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை பிற்பகல். வெறுங்காலும் நீண்ட தாடியுமாக இரு வெள்ளையர் அரிப்புக் கோட்டை வாசலில் போய் நின்றனர்.

மூதூர், வன்னி, அரிப்பு. நொக்ஸின் பாதையில் வரும் இந்தப் பெயர்களை நம்மில் பலர் வரைபடத்தில் பார்த்து அறிந்தவர்கள் அல்லர். எடுத்தது பாதி, விட்டது பாதியாகப் பொதி கட்டிக்கொண்டு அந்த மண்ணில் நடந்தே அறிந்தவர்கள்.

கரையேறிய பின்

மன்னாரில் ஒல்லாந்தர் நன்றாகவே உபசரித்தனர். அங்கு வந்த யாழ்ப்பாணத் தளபதி லோரன்ஸ் பைல் இருவரையும் தன்னுடன் கொழும்புக்குக் கூட்டிச் சென்றார். இருபது வருடமாக எட்டாத கொழும்பைக் கடல்வழியாக வந்துதான் அவர் கண்டார். நவம்பரில் பத்தேவியாவுக்குக் கப்பலேறி, 1680 செப்டெம்பரில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போகும்போது பதின்ம வயது மகன். திரும்பும்போது நாற்பதை நெருங்கிய, தாய்மொழி தட்டுத்தடுமாறிய மனிதர்.

கப்பலில் எழுதத் தொடங்கிய நினைவுகள், விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கின் முன்னுரையுடன் 1681இல் நூலாக வெளிவந்தன. ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் அது வந்தது. கண்டி இராச்சியத்தின் விவசாயம், சட்டம், உணவு, சாதி, சடங்கு பற்றி உள்ளிருந்து பார்த்து எழுதிய அந்நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களின் அடிப்படை ஆவணம். டானியல் டீபோ தன் நாவல் ஒன்றில் நொக்ஸின் கதையை நேரடியாகவே எடுத்தாண்டார். 1719இல் வந்த ரொபின்சன் குரூசோவுக்கும் நொக்ஸின் அனுபவம் தூண்டுதலாக இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

இத்துடன் நிறுத்தினால் இது ஒரு வீரக் கதை. ஆனால் நொக்ஸ் இன்னும் நாற்பது வருடம் வாழ்ந்தார். கிழக்கிந்தியக் கம்பனி அவரைக் கப்பல் தலைவராக்கியது. 1684இல் அவருக்குக் கிடைத்த பணி, மடகஸ்காருக்குப் போய் அடிமைகளை வாங்கி சென் ஹெலேனா தீவுக்குக் கொண்டுசேர்ப்பது. அவர் அதை ஏற்றுப் போனார். ஊரிலிருந்து பிடுங்கப்படுவது என்ன, மொழி தெரியாத மண்ணில் விடப்படுவது என்ன, உறவுகளுக்குத் தான் உயிரோடிருப்பதைச் சொல்ல முடியாமல் வருடங்களை எண்ணுவது என்ன என்று அந்தக் கப்பலில் அவரைவிட அறிந்தவர் இருந்திருக்க முடியாது. அறிந்தும் ஏற்றார். சென் ஹெலேனாவில் அவர் கரையில் இருந்தபோது மாலுமிகள் கலகம் செய்து, அவரை விட்டுவிட்டுக் கப்பலுடன் போனார்கள். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, தன் கப்பல் தன்னைக் கரையில் விட்டுப் போனதை அவர் கண்டார்.

பட்ட துன்பம் ஒருவரைத் தானாகவே நீதியானவராக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். நமது துயரங்களைச் சொல்லும்போதும் அந்த நம்பிக்கை உள்ளே இருக்கிறது. நொக்ஸின் வாழ்க்கை அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது. தன் சிறையை அவர் வரிவரியாக எழுதி வைத்தார். மற்றவர்களின் சிறையை வியாபாரக் கணக்காகவே பார்த்தார்.

ரொபர்ட் நொக்ஸ் 1720 ஜூன் 19ஆம் திகதி இறந்தார். கடைசிவரை திருமணம் செய்யவில்லை. தன் நூலின் பிரதி ஒன்றில் இறுதிக்காலம் வரை குறிப்புகளை எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தாள்கள் சுமார் இரு நூற்றாண்டுகள் கழித்து, 1911இல் அச்சேறின. இங்கிலாந்தில் முதுமையடைந்த பிறகும், அவர் மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருந்தது தான் தப்பி வந்த அந்த நாட்டைப் பற்றித்தான்.