மார்ஷல் டக்ளஸ்

அமெரிக்காவில் சமஷ்டி நீதிமன்றங்களின் கட்டளைகளை நிறைவேற்றுவதும், கைதிகளைக் காவலில் வைப்பதும் மார்ஷல்களின் கடமை. 1789-ல் ஏற்பட்ட உத்தியோகம் அது. 1850-ம் வருஷச் சட்டம் மற்றொரு வேலையையும் அவர்கள் தலையில் சுமத்திற்று: தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எஜமானரிடம் ஒப்புவிப்பது. மறுத்த மார்ஷலுக்கு ஆயிரம் டாலர் அபராதம். பிடிபட்டவன் தப்பிவிட்டாலோ, அவனுடைய விலை முழுவதையும் மார்ஷலே கட்டவேண்டும்!

பிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்தவர். 1838-ல் மாலுமி வேஷத்தில் தப்பினார். ஆங்கில நண்பர்கள் 1846-ல் விலை கொடுத்து அவரை விடுவித்தனர். பின்னர் ராச்செஸ்டர் நகரில், ஓடிவந்தோரைத் தம் இல்லத்தில் ஒளித்துக் கானடாவுக்கு அனுப்பி வந்தார். அன்றைய மார்ஷல்களுக்கு அவர் எத்தகைய மனிதர் என்று நாம் சொல்லவேண்டுவதில்லை.

அவரையே 1877-ல் பிரஸிடெண்டு ஹேய்ஸ், தலைநகர் அடங்கிய கொலம்பியா ஜில்லாவுக்கு மார்ஷலாக நியமித்தார். தென் மாகாணத் தலைநகரங்களில் காவலிருந்த துருப்புகளை விலக்கிக் கறுப்பு மக்களைக் கைவிட்டவரும் இதே ஹேய்ஸ்தான், அதே வருஷத்தில்! வெள்ளை மாளிகை வைபவங்களில் விருந்தினரை அறிமுகஞ் செய்யும் கௌரவம் முந்திய மார்ஷல்களுக்கு இருந்தது. டக்ளஸுக்கு அது மறுக்கப்பட்டது. ராஜினாமாச் செய்யும்படி அன்பர் சிலர் வற்புறுத்தினர். அது சட்டம் விதித்த கடமையன்று என்று அவர் இணங்கவில்லை. அவர் செய்தது சரியே என்போம் நாம். 1850 வரை பகிரங்கமாக அடிமை வியாபாரம் நடந்த அந்நகரில், 1881 வரை நீதிமன்றத்தின் கட்டளைகளை நிறைவேற்றி வந்தவர் அவரே.