போகமுடியாதபடி படிப்பித்த வைத்தியர்: மானிப்பாயின் டாக்டர் கிறீன்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒருத்தி அண்மையில் தாதியர் பயிற்சியை முடித்தாள். மூன்று வருடப் படிப்பும் பரீட்சையும் பெறுபேறும் கடந்தபின், அவள் முன்னால் மூன்று வேலைகள் வந்து நிற்கின்றன. ஒன்று, பேருந்து நாளொன்றுக்கு இரண்டு தடவை மட்டும் போய்வரும் ஓர் ஊரின் பிரதேச வைத்தியசாலைக்கு அரச நியமனம். அடுத்தது கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனை. மூன்றாவது இங்கிலாந்து. அதற்கு ஓ.ஈ.ரீ. என்ற ஆங்கிலப் பரீட்சையில் சித்தியடைந்தால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக ஒரு முகவர் சொல்கிறார். தாய்க்கு ஓய்வூதியம் உள்ள வேலைதான் வேண்டும். கனடாவில் இருக்கும் மாமா, இந்த நாட்டில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறார். எதை எடுப்பதென்று அவள் என்னிடம் கேட்டாள். ஊடகக் கற்கை படித்துவிட்டு மாதச் சம்பளம் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது?

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் டாக்டர் கிறீன். பயிற்சி முடித்த பிள்ளைகள் எந்த வேலைக்குப் போவார்கள் என்ற இதே கேள்வியோடு நூற்று எழுபது வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் மல்லுக்கட்டியவர் அவர். அதற்கு அவர் கண்ட விடை, மருத்துவத் தமிழின் வரலாற்றில் மிகப் பெரிய உழைப்பாக முடிந்தது. அந்த விடை எல்லோருக்கும் நல்லதாக இருந்ததா என்பது வேறு கதை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்ரோபர் 10 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்ற ஊரில் பிறந்தார். 1845 இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ அதே நகரில் சட்டத்தரணியாக இருந்தார். நியூயோர்க்கின் புகழ்பெற்ற சென்ரல் பார்க் உருவானதில் முக்கிய பங்கு வகித்தவர் இந்த அன்ட்ரூதான். இப்படியொரு அண்ணன் இருக்கும் நகரில் இளம் வைத்தியர் ஒருவருக்குத் தொழில் தொடங்க வழி இல்லாமல் போயிருக்காது. கிறீன் அமெரிக்க மிஷனில் சேர்ந்து இலங்கைக்குக் கப்பலேறினார்.

1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த வருடம் மானிப்பாயிலும் நிலைகொண்டார். அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணி அவருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. பண்டத்தரிப்பில் டாக்டர் ஜோன் ஸ்கடரும், அவருக்குப் பின்னர் டாக்டர் நேதன் வார்டும் வேலை செய்திருந்தார்கள். ஆனால் ஒரு குடாநாட்டுக்கு ஒரேயொரு வெள்ளைக்கார வைத்தியர் எந்த மூலைக்குப் போதும்? கிறீன் வந்த கையோடு 1848 இல் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். 1850களில் வாந்திபேதி குடாநாட்டைப் பிடித்தபோது இப்படிப் பயிற்றப்பட்டவர்களின் அருமை தெரிந்தது.

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. மருந்துக்கு வந்தவர்கள் வேதமும் கேட்டுப் போகவேண்டும் என்றே மிஷன் நினைத்தது, கிறீனும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அவருடைய மாணவர்கள் தொட்டுப் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் சைவர்களாகவே வந்து சைவர்களாகவே திரும்பிப் போனார்கள்.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் வேறு வழி இருக்கவில்லை. பிரச்சினையும் அங்கேதான் தொடங்கியது. ஆங்கிலமும் மேலைத்தேய வைத்தியமும் சேர்ந்து தெரிந்த ஒருவருக்கு அன்றைய இலங்கையில் நல்ல மதிப்பு இருந்தது. மலைநாட்டில் கோப்பி செழித்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் காட்டுவழியே நடந்து மலையேறினார்கள், வழியில் கொத்துக் கொத்தாக நோயிலும் விழுந்தார்கள். நகரங்களில் அரசாங்கம் வைத்தியசாலைகளை அமைத்தது. மாதச் சம்பளமும் பதவியும் அங்கே காத்திருந்தன. மானிப்பாயில் படித்தவர்களில் பலர் அந்தப் பக்கம் போனார்கள். ஊரில் இருந்தால் கட்டணமாக நெல்லும் தேங்காயும் வரும், சில வீடுகளில் நன்றி மட்டும் வரும். அவர்கள் போனதைக் குற்றம் என்று என்னால் சொல்லமுடியவில்லை.

மிஷனுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. வட்டுக்கோட்டைக் குருமடம் ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்களுக்கு உயர்ந்த ஆங்கிலக் கல்வியைக் கொடுத்தது. அவர்களில் பலர் அரச உத்தியோகங்களுக்குப் போனார்கள், சிலர் கடல்கடந்து சென்னைக்கும் போனார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்ற முடிவோடு 1855 இல் குருமடம் மூடப்பட்டது. கிறீன் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வந்த முடிவு எளிமையானது. தமிழில் படித்த வைத்தியன் தமிழ் ஊரிலேயே இருப்பான். ஆங்கிலம் தெரியாவிட்டால் அரசாங்கம் அவனைக் கூப்பிடாது. காற்சட்டையும் தொப்பியும் மேசை கதிரையும் தேடாமல், வேட்டியோடு, ஊர்ச் சாப்பாட்டோடு, ஊருக்குள்ளேயே வைத்தியம் பார்ப்பான். படிப்பு முடித்தவர்கள் நடை உடை மாறி ஊருக்கு அந்நியமாகிப் போவது கிறீனுக்கு உண்மையாகவே பிடிக்கவில்லை.

பத்து வருடச் சேவையின் பின்னர் 1857 இல் அவர் அமெரிக்கா திரும்பினார். 1862 இல் மார்கிரட் என்பவரைத் திருமணம் செய்து, அதே வருடம் மனைவியோடு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டாவது வருகையில், 1864 அளவில், தமிழில் மருத்துவ வகுப்பு தொடங்கியது.

தமிழில் படிப்பிப்பதென்றால் தமிழில் புத்தகம் வேண்டும். அந்த வேலையை அவர் முதல் வருகையிலேயே தொடங்கியிருந்தார். உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய கட்டரின் நூலும், மோன்செலின் பிரசவ வைத்திய நூலும் 1857 இல் தமிழில் வந்துவிட்டன. துருவிற்றின் அறுவை மருத்துவ நூல் இரண வைத்தியம் என்ற பெயரில் 1867 இல் வந்தது. உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் தூக்கிக்கொண்டு திரியும் கிறேயின் உடற்கூற்று நூல் 1872 இல் மனுஷ அங்காதிபாதம் ஆனது. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

அந்த வேலையின் அளவை விளங்கிக்கொள்ள ஒரு விடயத்தை யோசித்துப் பாருங்கள். உடம்புக்குள் இருக்கும் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் வேண்டும். கிறீனும் மாணவர்களும் முதலில் தமிழில் தேடினார்கள், கிடைக்காவிட்டால் வடமொழிக்குப் போனார்கள், அதிலும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார்கள். இரசாயன நூலுக்கு அவர் வைத்த பெயர் கெமிஸ்தம். இன்று அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சொற்களைத் திரட்டித் தனித் தொகுதிகளாகவும் அச்சிட்ட அந்த ஒழுங்கு, பின்னால் கலைச்சொல் ஆக்க வந்தவர்களுக்கு ஒரு பாதையைப் போட்டுக்கொடுத்தது. மொழிபெயர்ப்பில் மாணவர்களின் கை பெரிது. மிஷன் வழக்கப்படி அமெரிக்கக் கொடையாளர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் அவர்களில் பலர். அட்டையில் பளிச்சென்று தெரிந்ததென்னவோ கிறீனின் பெயர்தான்.

மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் வைத்தியராக்கினார். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் மட்டும் படித்தவர்கள். அவர்கள் நினைத்தபடியே ஊர்களில் இருந்தார்கள். இரவில் பிரசவம் சிக்கலான வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வைத்தியர் இருப்பது அந்தக் கிராமங்களுக்குப் புதிய அனுபவம்.

ஆனால் 1870 இல் அரசாங்கம் கொழும்பில் மருத்துவப் பள்ளியைத் திறந்தது. அது ஆங்கிலத்தில் நடந்தது. இலங்கையில் வைத்தியர் என்றால் யார், அவருக்கு என்ன சம்பளம், எந்தப் பதவி என்பதெல்லாம் அதன்பிறகு கொழும்பிலேயே தீர்மானமானது. தமிழில் கிறேயைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஊருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் அந்த இளைஞர்கள். கிறீனிடம் இரண்டு மொழிகளும் இருந்தன, போகவும் வரவும் கப்பலும் இருந்தது. அவருடைய தமிழ் மாணவர்களிடம் இவை எதுவும் இருக்கவில்லை. அவரை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு எனக்கு வழக்கு உண்டு.

வழக்கின் மறுபக்கத்தை எங்களை விட நன்றாக அறிந்தவர்கள் யார்? யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வைத்தியசாலைக் கதவுகள் திறந்திருந்ததென்றால், அதற்குக் காரணம் போகாதவர்களும் போகமுடியாதவர்களும்தான். உதவி வைத்தியர்கள், தாதியர், சம்பளமே இல்லாத தொண்டர்கள். இதை வாசிக்கும் உங்களில் எத்தனையோ பேரின் காயத்தைத் தைத்தது அந்தக் கைகள். யாழ்ப்பாண நகரில் 1850 இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் தொடங்கிய நட்புதவிச் சங்க வைத்தியசாலையில் கிறீனின் மாணவர்கள் பணியாற்றினார்கள். அதுதான் இன்றைய யாழ். போதனா வைத்தியசாலை. 1987 ஒக்ரோபர் 21 இல் இந்தியப் படையினர் உள்ளே நுழைந்து சுட்டபோது அங்கே இறந்தவர்களில் கடமையில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வைத்தியசாலைக்குள் விளக்கேற்றுகிறார்கள்.

கிறீன் 1873 இல் உடல்நலம் குன்றி வூஸ்ரருக்குத் திரும்பினார். பிறகும் தமிழை விடவில்லை. கடிதமும் கையெழுத்துப் பிரதியும் கப்பலில் போய்வந்தன. கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் என்ற உடற்றொழிலியல் நூல் 1883 இலும் வெளிவந்தன. 1884 மே 28 இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். தமிழரிடம் மருத்துவ ஊழியராகப் போனவர் என்ற அடையாளம்தான் கல்லறையில் பொறிக்கப்பட்டது. மானிப்பாய் வைத்தியசாலை பின்னர் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. கவிஞர் அம்பி அவரைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் என் தலைமுறைக்கு அந்தப் பெயரும் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அந்தப் பிரதேச வைத்தியசாலையில் தாதியருக்கு விடுதி இருக்கிறதா, இரவுக் கடமைக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று விசாரித்துச் சொல்லமுடியுமா அக்கா என்று கேட்டாள். அடுத்தநாள் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்தேன். விடுதி இருக்கிறது, கூரை ஒழுகுகிறது. இரவில் ஒருவர்தான்.

திங்கட்கிழமை அவள் கடமையைப் பொறுப்பேற்கவேண்டும். ஓ.ஈ.ரீ. வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள்.