மெண்டல் துறவியார்

அறிஞர் ஒருவரை மதிப்பிடுங்கால், அவர் பெற்ற பட்டங்களையும் எழுதிய நூல்களின் தொகையையுமே உலகம் எண்ணுகின்றது. அவர் தம் முடிவை எவ்வழி அடைந்தார், அவ்வழியைப் பிறர் காண மறையாது காட்டினாரா என ஆராய்வோர் சிலரே. அதனால் நேரும் இழப்பு எத்தகையது என்பதைக் கிரிகோர் மெண்டலின் வாழ்க்கையிற் காண்கின்றோம்.

இவர் ஆஸ்திரியப் பேரரசுக்குட்பட்ட சிற்றூரொன்றில், உழவர் குடியில், 1822-ஆம் ஆண்டு பிறந்தார். 1843-இல், இஞ்ஞான்று செக் நாட்டிலுள்ள புரூன் நகரத்துத் தூய தோமா மடத்திற் சேர்ந்தார். பள்ளியிற் கற்பிக்கும் விருப்பால் 1850-இல் ஆசிரியர் தேர்வெழுதித் தவறினார். வியன்னாப் பல்கலைக் கழகத்திற் பயின்றபின், 1856-இல் மீண்டும் முயன்றும் வெற்றி கண்டிலர். ஆதலின், நிலைத்த பதவியின்றியே பல்லாண்டு கற்பித்து வந்தார்.

அவ்வாண்டே மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளைக் கொண்டு ஆராயத் தொடங்கினார். எட்டாண்டுகளில் ஏறக்குறைய 28,000 செடிகளை வளர்த்து நோக்கினார். ஓர் ஆய்வில் 7,324 விதைகளுள் 5,474 உருண்டையாகவும், 1,850 சுருங்கியும் இருந்தன. மூன்றுக்கு ஒன்று என்னும் அளவு புலனாயிற்று. எனினும், கூட்டுத் தொகையோடு அவர் அமைந்தாரல்லர். ஒரு செடியில் உருண்டை 43, சுருங்கியவை இரண்டே என்பதையும், மற்றொன்றில் 14-க்கு 15 என்பதையும் ஒளியாது எழுதினார். அளவினின்று மிக விலகிய ஆய்வொன்றை மீண்டும் செய்து, இரு முடிவுகளையும் ஒருங்கே வைத்தார்.

இவ்வாராய்ச்சியை 1865-இல் புரூன் நகர இயற்கை நூற் கழகத்திற் படித்தார். மறுவருடம் அது அச்சேறியது. அதன் அருமையை உணர்ந்தார் இலர். மியூனிக் நகரப் பேராசிரியர் நேகெலிக்கு எழுதியும் பயன் விளைந்திலது. பின்னர் ஹைராசியம் என்னும் வேறொரு பூஞ்செடியை ஆராய்ந்தபோது, பட்டாணியிற் கண்ட முறை அதன்கண் அமையவில்லை. தம் கொள்கைக்கு மாறான அம்முடிவையும் 1870-இல் வெளியிட்டார். 1868 முதல் மடத்தின் தலைவராயிருந்து, 1884-இல் இறைவனடி சேர்ந்தார்.

1900-ஆம் ஆண்டில் தே விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தத்தம் ஆய்வுகளால் அவ்வுண்மையை மீண்டும் வெளிப்படுத்தினர். 1936-இல் ஆங்கிலப் புள்ளிவிவர நூல் வல்லாராகிய பிஷர், மெண்டலின் எண்கள் எதிர்பார்த்தற்குரியதினும் மிகுதியாய்ப் பொருந்துகின்றன என ஐயுற்றார். அவ்வையத்திற்கும் இடந்தந்தது, மெண்டல் எண்களை விரித்தெழுதியமையே. மறைத்தெழுதிய நூலை எவர் சோதிக்க வல்லார்?

இன்று நாம் தேர்வெழுதுகின்றோம். நாளை நம்மிற் சிலர் தேர்வாளராகவும், ஆசிரியரைத் தெரிந்தெடுப்போராகவும் அமரக்கூடும். அந்நாளில் நம்முன் நிற்பவரிடம் பட்டம் எத்தனை என்று மட்டும் வினவாது, வந்த வழியைக் காட்டுக என்றும் கேட்போமாக. விளக்கை மரக்காலின்கீழ் மறைக்காதவருக்கு உரிய மதிப்பை அவர் வாழும் நாளிலேயே அளித்தல் நம் கடனாகும்.