மாமேதை சுப்பாராவ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற பருவத்தில் கரிம வேதியியல் தாளில் தோற்றேன். ஊருக்குப் போக முகமின்றி நூலகத்தில் ஒதுங்கியிருந்தபோதுதான் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் மேதையின் வரலாற்றைப் படித்தேன்.

1895 சனவரி 12 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் அவர் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். உடன்பிறந்தார் இருவரை வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது.

ஆயினும் அவர் சோர்ந்தாரில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரடைந்தார். இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. 1925 இல் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து பாஸ்பரசை அளக்கும் முறையை வகுத்தார். 1940 இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்து ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். போலிக் அமிலத்தைத் தொகுத்ததும், யானைக்கால் நோய்க்கான மருந்தைத் தந்ததும் அவருடைய குழுவே.

எழுபது வயதைக் கடந்த தாவரவியல் அறிஞர் டக்கர், சுப்பாராவின் மேற்பார்வையில் பல இடத்து மண்ணையும் சோதித்தார். மிசௌரி மாநில மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்று அகப்பட்டது. அது தந்த ஆரியோமைசின் 1948 இல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. இன்றைய டாக்சிசைக்ளின் அதன் இளவல்.

இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர் பலர். அப்படிச் சென்ற எங்கள் ஊர் அண்ணன் ஒருவருக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தது. வெட்கத்தால் மறைத்தார், சந்தையில் விற்ற பொடியைத் தின்றார். கிளமிடியா என்னும் பாக்டீரியா பால்வினை வழியே தொற்றுவது. சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அது மேலேறி விரையை ஒட்டிய குழலை வீங்கச் செய்யும். தழும்பேற்றி விந்தின் வழியையும் அடைத்துவிடக் கூடும். அண்ணனுக்கு நேர்ந்தது அதுதான். நான்காண்டுகள் பிள்ளையில்லை. மலடி என்ற சொல்லைச் சுமந்தவரோ அண்ணி!

இறுதியில் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். இருவருக்கும் ஒருவாரம் டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள். கிருமி போயிற்று, தழும்பு போகவில்லை. அண்ணி மீதிருந்த பழி மட்டும் நீங்கிற்று. முதல் மாதமே போயிருந்தால் அந்த வீட்டில் இன்று ஒரு மழலை தவழ்ந்திருக்கலாம்.

1948 ஆகஸ்டில், தாயகத்தை மீண்டும் காணாமலே, 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார். 1995 இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் தந்த மருந்தின் வழிவந்தவை இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. குறைவது நம் துணிவு ஒன்றே.

தோற்ற தாளை நான் மீண்டும் எழுதப் போகிறேன். தேர்வில் தோற்பது வெட்கமன்று நண்பர்களே. நோய் வருவதும் வெட்கமன்று. மறைத்து வைப்பதே கேடு.