ஏட்டிலே ஒரு கையொப்பம்

கண்டி மாநகரை அடுத்த அக்குறணையிலே, என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் நிக்காஹ்வுக்குச் சைவனாகிய என்னையும் அன்போடு அழைத்திருந்தனர். நன்னூற் சூத்திரங்களைப் பிழையற எழுதும் பெண் அவள். பதிவேட்டில் மணமகன் கையொப்பமிட்டார். மணமகள் சார்பிலே தந்தையார் கையொப்பமிட்டார். அவளோ உள்ளறையில் இருந்தாள். அவ்வேளை என் நெஞ்சில் வந்து நின்றவர் அறிஞர் சித்திலெவ்வை அவர்களே.

முகம்மது காசிம் சித்திலெவ்வை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியிலே தோன்றினார். தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதற் புறக்டர். மகனாரும் 1862இல் அத்தொழிலை மேற்கொண்டார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ் நாவல் தளர்நடை பயின்ற காலம் அது.

முஸ்லிம்களின் திருமணமும் மரபுரிமையும் 1806ஆம் ஆண்டுச் சட்டக்கோவையைச் சார்ந்து நடந்துவந்தன. 1886இல் திருமணப் பதிவுக்கெனத் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது. திருமணம் ஏட்டில் ஏறிற்று. ஆயின் அவ்வேட்டை வாசிக்க வல்ல மனைவியர் எத்துணையர்? மஹர் இன்னதென்றும், தமக்குரிய உரிமை இன்னதென்றும் பிறர் சொல்லக் கேட்டே அறியும் நிலையில் பெண்டிர் பலர் இருந்தனர். பாதிரிமார் பள்ளிக்கு அனுப்பினாற் பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்னும் அச்சம் ஒருபுறம். பருவமெய்திய பெண் வீட்டைவிட்டு வெளிவரலாகாது என்னும் வழக்கம் மறுபுறம்.

சித்திலெவ்வை இவ்விரண்டையும் பழித்துரைத்து நின்றுவிடவில்லை, வழி கண்டார். 1891இல் கண்டியிலே முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பள்ளி நிறுவினார். உடன்பிறந்த முத்து நாச்சியார் துணைநின்றார். தம் சமயத்தைத் துறவாமலே பெண்கள் கல்வி பெறலாம் என்பதை அப்பள்ளி காட்டிற்று. கற்றவளே இல்லறத்தில் கணவனுக்கு உற்ற துணையாவாள் என்பது என் துணிபு. அத்துணைமைக்கு அவர் அன்றே வித்திட்டார் என்பேன்.

1898 பெப்ரவரி 5ஆம் நாள் அப்பெருமகனார் மறைந்தார். பின்னர் 1951இல் இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. இது பிறர் வீட்டுச் செய்தியன்றோ என்று அன்பர்கள் கேட்கலாம். எழுத்தறிவித்த ஆசிரியனுக்கு மாணவியின் வீடு பிறர் வீடன்று. தன் மணவேட்டிலே தன் பெயரைத் தன் கையால் அவள் எழுதும் நாளில்தான், சித்திலெவ்வை தொடங்கிவைத்த பாடம் நிறைவெய்தும்.